நன்மைக்கு நான்காம் அறை, தீமைக்கு ஒன்பதாம் அறை

தன்தா நகரத்தில் ஒரு மனிதன் தன் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்க ஆசைப்பட்டான். அவன் செய்த தப்பு அவ்வளவுதான். அந்தக் கேள்வியால் ஒரு அலுவலகம் முழுக்க ஆடிப்போகும் என்று தெரிந்திருந்தால், பாவம், வாயைத் திறந்தே இருக்க மாட்டான்.

அவன் பெயர் பஸ்யூனி. ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்திலிருக்கும் குஷாரிக் கடையில் வெங்காயம் வறுப்பவன். சோறு, பருப்பு, மக்ரோனி மூன்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டித் தக்காளிக் குழம்பை ஊற்றி யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். மேலே தூவும் வெங்காயம் மொறுமொறுவென்று, கறுப்புக்கு ஒரு நூல் முன்னால் நிற்க வேண்டும். அங்கேதான் பஸ்யூனி தேவைப்பட்டான். சந்தே அவனை ‘உஸ்தா’ என்று தொழில் மரியாதையோடுதான் கூப்பிடும். இருபத்திரண்டு வருஷம் அந்த வாணலிப் புகையைக் குடித்ததில் அவனுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று அந்த மரியாதை, இன்னொன்று ஆஸ்துமா.

சட்டைப் பையில் எப்போதும், மருந்தை வாயால் இழுக்கும் ஒரு நீல பஃப் இருக்கும். இரண்டு வாணலி வெங்காயத்துக்கு ஒரு இழுப்பு என்று கணக்கு வைத்துக்கொண்டு, நாளொன்றுக்குப் பதினாலு தடவை இழுத்தான். அப்படியும் போன மாதம் ஒரு நாள் மதிய வியாபாரத்தின் நடுவில் உதடெல்லாம் நீலம் பாரித்து விழுந்துவிட்டான். அவசரப் பிரிவில் முகமூடி மாட்டிவிட்ட டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லி அனுப்பினார்: “அடுத்த தடவை இவ்வளவு தாமதமா வந்தா, அழறதுக்கு உங்க வீட்டுக்காரங்கதான் வேணும். நாங்க தேவைப்பட மாட்டோம்.”

அதற்குப் பிறகுதான் தொழிலாளர் மார்புநல நிலையத்தில் டாக்டர் வக்தி ஹலீம் அவனுக்குப் புதிதாக ஒரு பழுப்பு பஃப் எழுதிக் கொடுத்தார். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவன் மனைவி ஷர்பாத் பெட்டியைப் பிரித்து, உள்ளே ஜமுக்காளம் மாதிரி மடித்து வைத்திருந்த காகிதத்தை விரித்தாள். நாலாவது வரியில் ‘கார்ட்டிசோன்’ என்ற சொல்லைப் பார்த்தாளோ இல்லையோ, நெஞ்சில் அறைந்துகொண்டாள்.

“ஐயோ, ஏ மனுஷா! இதைத்தானே எங்க மாமாவுக்குக் குடுத்தாங்க! முகம் வீங்கி, அடையாள அட்டை புதுப்பிக்கப் போனப்ப அட்டையில இருக்கறது நீ இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்களே, மறந்துட்டியா?”

“அப்போ தூக்கிப் போட்டுடவா?”

“தூக்கிப் போடறதா? புது மருந்தை யாராவது தூக்கிப் போடுவாங்களா?”

கல்யாணச் சீராக வந்த பீங்கான் கோப்பைகளும் தங்கக்கரை போட்ட தட்டுகளும் இருக்கும் கண்ணாடி அலமாரியில், சூப் கிண்ணத்துக்கும் சர்க்கரைக் குடுவைக்கும் நடுவில் அவள் அந்த பஃப்பை வைத்துப் பூட்டினாள். தன்தாவில் அந்த அலமாரி இல்லாத வீடு கிடையாது. அதற்குள் போன எதுவும் வெளியே வந்ததும் கிடையாது. வருகிற விருந்தாளிகளெல்லாம் பார்த்துவிட்டு “மாஷா அல்லாஹ், வெளிநாட்டு மருந்தா?” என்று கேட்டார்கள்.

பஸ்யூனியோ ஒவ்வொரு நாளும் இரண்டாவது மாடியிலிருக்கும் தன் வீட்டுக்கு ஏற மூன்று தடவை படியில் உட்கார்ந்தான். இழுத்தால் முகம் வீங்குமோ, இழுக்காவிட்டால் உயிர் போகுமோ என்று இரண்டு பக்கமும் இடி. பக்கத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பழச்சாறு விற்பவர், பஃப் பழகிவிட்டால் சாகும்வரை விடாது என்றார். முடிவெட்டுபவர், கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்து நக்கச் சொன்னார். கடைசியில் அவனுக்கே ஒரு யோசனை தோன்றியது: எழுதிக் கொடுத்த டாக்டரையே கேட்டுவிட்டால் என்ன?

நிலையத்தின் வாசலில் ‘தெளிவான உரையாடல்: நோயாளியின் உரிமை, நிர்வாகத்தின் பெருமை’ என்று ஒரு துணிப் பதாகை தொங்கியது. நுழைவாயில் எது என்று காட்டும் பலகையை அது முழுசாக மறைத்திருந்தது. மருந்துக்கிடங்கு வழியாக உள்ளே போய், நான்காம் அறையில் டாக்டர் வக்தி முன்னால் உட்கார்ந்தான் பஸ்யூனி.

“டாக்டர், இந்தப் பழுப்பு மருந்துல ஆபத்து ஏதாவது இருக்கா?”

டாக்டரின் பேனா நின்றது. எழுந்து போய் தாழ்வாரத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“உஸ்தா, அந்த வார்த்தையை இந்த அறையில சொல்லாதீங்க.”

“எந்த வார்த்தை டாக்டர்? ஆபத்தா?”

“திரும்பச் சொல்றீங்களே!” டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “மார்ச் மாசத்துலேருந்து எல்லாம் மாறிப்போச்சு. நான் நன்மைப் பிரிவு. மருந்தோட நன்மையை மட்டும்தான் நான் சொல்லலாம். தீமை ஒன்பதாம் அறை.”

“ஒரே மருந்துதானே டாக்டர்?”

“மருந்து ஒண்ணுதான். பிரிவு ரெண்டு. ஒரே வாயிலேருந்து நன்மையும் தீமையும் வந்தா நோயாளி குழம்பிடுவார்னு எங்க இயக்குநர் ஒரு ஆய்வு பண்ணியிருக்கார்.”

“நோயாளிங்களைக் கேட்டாரா?”

“அவங்கதான் குழம்பிப்போயிருக்காங்களே, அவங்களை எப்படிக் கேக்கறது?”

பஸ்யூனிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. “சரி டாக்டர், நன்மையையாவது சொல்லுங்க.”

டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் வாசித்தார்: “இம்மருந்து நன்மை பயக்கும்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான் அனுமதி.” டாக்டர் வக்தி நல்ல மனிதர். இதைச் சொல்லும்போது அவர் முகம் தேள் கொட்டியவன் முகம்போல இருந்தது. “இந்தச் சீட்டுல நன்மையைக் கேட்டுக்கிட்டேன்னு கையெழுத்து போட்டு, கழுகு முத்திரை வாங்கிக்கிட்டு, ஒன்பதாம் அறைக்குப் போங்க உஸ்தா. போய்க் கேளுங்க, விட்டுடாதீங்க.”

கழுகு முத்திரை என்றால் அரசாங்கத்தின் முத்திரை. கழுகு உட்காராத காகிதத்தை அந்த நாட்டில் யாரும் காகிதம் என்றே ஒத்துக்கொள்வதில்லை. அந்த முத்திரையும் ஒன்பதாம் அறையிலேயே, மேடம் தஹானியின் மேஜையில்தான் இருந்தது. பஸ்யூனிக்கு ஒரே சந்தோஷம். ஒரே இடத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடுமே!

“முத்திரை பத்துலேருந்து பதினொண்ணு வரைக்கும்” என்றார் மேடம் தஹானி, கடிகாரத்தைக் காட்டி. மணி பதினொன்று ஐந்து. “அந்த நேரத்துல நான் முத்திரை அதிகாரி. இப்ப நான் தீமை அதிகாரி. நாளைக்கு வாங்க.”

“முத்திரை இதோ உங்க கைக்குப் பக்கத்துலதானே மேடம் இருக்கு?”

“அது என்னோட முத்திரை இல்லப்பா. பத்து மணிக்கு இருக்கறவங்களோடது.”

மறுநாள் பத்து மணிக்கே போய் நின்றான். மேடம் தஹானி, மேஜை மேலிருந்த பெயர்ப்பலகையைத் திருப்பி ‘முத்திரை’ என்று வைத்துவிட்டு, சீட்டில் கழுகை ஓங்கி இறக்கினார்.

“இப்ப அந்த ஆபத்தைச் சொல்லிடுங்க மேடம்.”

“நான் முத்திரைக்காரி. எனக்கு எப்படித் தெரியும்? வெளியில உட்காருங்க.”

வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். வரிசையில் இன்னும் இருபது பேர் ஆளுக்கொரு பிரிக்காத பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்று அடித்ததும் உள்ளே போனான். பலகை திரும்பியிருந்தது. மேடம் தஹானி அவனை முன்பின் பார்த்திராதவர்போல மேலும் கீழும் பார்த்தார். சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையை ஒரு பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தார்.

“கழுகோட இடது இறக்கை கொஞ்சம் மங்கலா இருக்கே. யார் போட்டது?”

“நீங்கதான் மேடம்.”

“அவசரத்துல போட்டிருக்காங்க” என்று உதட்டைப் பிதுக்கினார். “பரவால்ல, இந்தத் தடவை விடறேன்.”

பிறகு எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, வானொலிச் செய்தி வாசிப்பவர்போல ஆரம்பித்தார். மொத்தம் நாற்பத்து மூன்று தீமைகள்.

“ஒன்று. குரல் கம்முதல் நேரலாம். இரண்டு. வாயகத்தே வெண்படலம் படர்தல் கூடும். மூன்று. அரிதினும் அரிதாக மூச்சுக்குழல் முரண்சுருக்கம் உறலாம்…”

“மேடம், ஒரு நிமிஷம். வாய்க்குள்ள என்ன படரும்?”

“குறுக்கே பேசக்கூடாது. அர்த்தம் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. வாசிக்கத்தான் அதிகாரம். நான்கு!”

நாற்பத்து மூன்றும் முடிந்தபோது அவர் களைத்துப்போய்த் தண்ணீர் குடித்தார். பஸ்யூனிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

“இதுல எனக்கு எது வரும் மேடம்?”

“எல்லாமும் வரலாம். எதுவுமே வராமலும் போகலாம். நிர்வாகம் ரெண்டுக்கும் தயாரா இருக்கு.”

“என் பொண்டாட்டியோட மாமாவுக்கு மாத்திரை குடுத்து முகம் வீங்கினது. அதுவும் இதுவும் ஒண்ணா?”

“முகம் முப்பத்தொண்ணாவது. படிச்சாச்சு.”

“சரி, இதை இழுக்காமலே இருந்துட்டா என்ன ஆகும்? அதையாவது சொல்லுங்க.”

மேடம் தஹானி திடுக்கிட்டுவிட்டார். அவருடைய பதினெட்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. “அது இழுக்காததோட தீமையாச்சே! நான் இழுக்கறதோட தீமை மட்டும்தான் பாக்கறேன்.”

“இழுக்காததோட தீமையை யார் பாக்கறாங்க?”

“அந்தப் பிரிவுக்கு இன்னும் ஆள் போடல. அறை ஒதுக்கியாச்சு. நாற்காலி வந்துடுச்சு.” அவர் ஒரு படிவத்தை நீட்டினார். “‘புரிந்தது’ன்னு இருக்கு பாருங்க, அங்க கையெழுத்து போடுங்க.”

“எனக்குப் புரியலையே மேடம்.”

மேடம் தஹானி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ‘புரியவில்லை’ என்ற கட்டம் கிடையாது.

“இதுவரைக்கும் பதினோராயிரத்து நானூறு பேருக்குப் புரிஞ்சிருக்கு. உங்களுக்கு மட்டும் எப்படிப்பா புரியாம போகும்? உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?” அவர் குரல் தழுதழுத்தது. கோபம் வந்திருந்தால்கூட பஸ்யூனி தாங்கியிருப்பான். அழுகைக்கு என்ன செய்வது? கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தான். ஆனால் அவசரப் பிரிவில் அந்த டாக்டர் சொன்னது காதில் கேட்டது. “மன்னிச்சுக்குங்க மேடம். இது எனக்கு உயிர் சமாச்சாரம்” என்று பேனாவை வைத்துவிட்டான்.

மேடம் தஹானி தொலைபேசியை எடுத்தார்.

இயக்குநரின் அறை நான்காவது மாடியில். மார்புநோய்க்காரர்கள் சும்மா சும்மா வந்து தொந்தரவு செய்யக்கூடாது என்று அங்கே வைத்திருந்தார்கள். பஸ்யூனி நாலு தடவை உட்கார்ந்து, மூன்று தடவை நீலத்தை இழுத்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தான். பேராசிரியர் டாக்டர் முக்தார் ஷர்னூபி எழுந்து வந்து அவனைக் கட்டி அணைத்துக்கொண்டார்.

“புரியாத நோயாளி! உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்! உட்காருங்க, உட்காருங்க. முன்னாடி இந்தக் கட்டடத்துல என்ன நடந்துச்சு தெரியுமா? டாக்டரும் நோயாளியும் கண்ட நேரத்துல பேசிக்குவாங்க. ஒருத்தன் பயமா இருக்கும்பான், ஒருத்தர் பயப்படாதேம்பார். தாழ்வாரத்துலகூடப் பேசினாங்க! அதுல எத்தனை உரையாடல் பதிவாச்சு? பூஜ்யம். இப்ப பாருங்க, பதினோராயிரத்து நானூறு உரையாடல் பதிவாகியிருக்கு. ஒண்ணுகூட நடக்கல.”

“பாஷா, எனக்கு ஒரே ஒரு கேள்விதான்…”

“கேளுங்க! ஆனா இங்க இல்ல. வியாழக்கிழமை தலைநகரத்துலேருந்து குழு வருது. மேடையில, எல்லார் முன்னாடியும், டாக்டர் வக்தியை நீங்க கேக்கணும். அவர் பதில் சொல்வார்.”

“நிஜமாவே சொல்வாரா?”

“எழுதியே குடுத்திருக்கோம்” என்றார் இயக்குநர்.

வியாழக்கிழமை பஸ்யூனி சவரம் செய்துகொண்டு, கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். விருந்தினர்களை வரவேற்க அரங்கத்துக்கு அன்று காலையில்தான் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பத்து வருஷமாகக் கிடங்கில் சுருட்டிக் கிடந்த கம்பளங்களை அங்கேயே உதறி விரித்திருந்தார்கள். மூலைக்கு மூலை சாம்பிராணி புகைந்தது. நோயாளிகள் முந்நூறு பேர், கண்ணில் நீர் வழிய, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைநகரக் குழுவின் தலைவர் அதைப் பார்த்து, மக்கள் உணர்ச்சிவசப்பட்டிருப்பதாகக் குறித்துக்கொண்டார்.

இயக்குநர் பேச எழுந்தார். “கண்ணியமிக்க விருந்தினர்களே! நோயாளிக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அந்த உரிமையை யாரும் தொட்டுவிடாதபடி நாங்கள் அதைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம். மருந்தில் ஆபத்து இருக்கலாம். மருந்து இல்லாவிட்டாலும் ஆபத்து இருக்கலாம். ஆனால் இந்த நிலையத்துக்கு எந்த ஆபத்தும் வராது என்று உங்களுக்கு உறுதி கூறுகிறேன்!” கைதட்டல் ஓய இரண்டு நிமிஷம் ஆனது.

பிறகு பஸ்யூனியையும் டாக்டர் வக்தியையும் மேடையில் எதிரும் புதிருமாக உட்கார வைத்தார்கள். பஸ்யூனியின் கையில் அவன் கேட்க வேண்டிய கேள்வி தட்டச்சு செய்த காகிதமாக இருந்தது. ‘மருத்துவர் அவர்களே, இம்மருந்தால் ஆபத்து உண்டா?’ அவன் வாயைத் திறந்தான்.

“மருத்…”

மேலே வரவில்லை. பெயிண்டும் தூசும் சாம்பிராணியும் சேர்ந்து நெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. “மருத்… து…” என்று விசில் மாதிரி ஒரு சத்தம். நீல பஃப்பை எடுத்து அமுக்கினான். காலி. இன்னொரு தடவை அமுக்கினான். வெறும் காற்று. மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்தான்.

அரங்கம் அதிர்ந்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். “அடடா, என்ன நடிப்பு!” என்றார் குழுத் தலைவர். இயக்குநர் அடக்கமாகத் தலை குனிந்தார். “ரெண்டு நாள்தான் ஐயா ஒத்திகை.”

டாக்டர் வக்தி மட்டும் கைதட்டவில்லை. பாய்ந்து வந்து பஸ்யூனியைத் தோளோடு அணைத்துத் தூக்கி, மேடைக்குப் பின்னாலிருந்த தேநீர்க் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஜன்னலைத் திறந்தார். ஒரு தண்ணீர் பாட்டிலின் அடியில் கத்தியால் ஓட்டை போட்டு, தன் பையிலிருந்த நீல பஃப்பை அதில் செருகி, பாட்டிலின் வாயை அவன் வாயில் வைத்தார்.

“ஒரு தடவை அமுக்கறேன். மெதுவா இழுங்க. அஞ்சு மூச்சு. விடுங்க. இன்னொண்ணு. என்னைப் பாருங்க உஸ்தா. இங்கேயே பாருங்க.”

ஆறாவது இழுப்பில் விசில் தணிந்தது. பத்தாவதில் பஸ்யூனிக்குப் பேச்சு வந்தது. வந்ததும் அவன் கேட்டது அதே கேள்வியைத்தான்.

“டாக்டர், இழுத்தா என்ன ஆகும்? இழுக்கலைன்னா என்ன ஆகும்?”

டாக்டர் கதவைப் பார்த்தார். அந்தக் கூடம் எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லை. சர்க்கரைச் சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

“நீலத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுக்கறீங்க?”

“பதினாலு.”

“யா சாத்திர், கடவுளே! அதுதான் உஸ்தா ஆபத்து. நீங்க வேற எங்கேயும் தேட வேண்டாம். உங்க வாணலிக்கு அடியில தீ கண்டபடி எரியுதுன்னு வைங்க. நீலம் புகையை விசிறி விடுது. பழுப்பு, தீயைக் குறைக்குது. நீங்க தீயைக் குறைக்காம பதினாலு தடவை விசிறிக்கிட்டிருக்கீங்க.”

“முகம் வீங்குமா? என் பொண்டாட்டியோட மாமாவுக்கு வீங்கிச்சே.”

“மாமா மாசக்கணக்கா மாத்திரையா முழுங்கியிருப்பார். அது உடம்பு பூராவும் ஓடும். இது சின்ன அளவு, நேரா நெஞ்சுக்குள்ள போறது. ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன், சொன்னா நான் பொய்யன். தொண்டை கம்மலாம். வாய்க்குள்ள வெள்ளையா படை வரலாம். அதுக்கு ஒவ்வொரு தடவை இழுத்ததும் வாயைக் கொப்பளிச்சுத் துப்பிடுங்க, முழுங்காதீங்க. வருஷக்கணக்கா நிறைய இழுத்தா கண்ணு, எலும்பு பாக்கணும். அதைப் பாக்கத்தான் நான் இருக்கேன். இன்னொண்ணு, இது உடனே வேலை செய்யாது, ரெண்டு வாரமாவது ஆகும். மூச்சு முட்டறப்ப நீலம்தான். நீலத்துக்கும் கேக்கலைன்னா நேரா அவசரப் பிரிவு. நல்லாயிடுச்சுன்னு நீங்களா பழுப்பை நிறுத்தவும் கூடாது.”

“இவ்வளவுதானா டாக்டர்?”

“இவ்வளவுதான்.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.” பஸ்யூனி குறையாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னான். டாக்டர் வக்தியின் கண் கலங்கிவிட்டது.

“சொல்லியிருக்கணும். பயந்துட்டேன் உஸ்தா. வெட்கமா இருக்கு.”

கதவருகில் கண்ணாடிக் குவளை கிணுகிணுக்கும் சத்தம். மேடம் தஹானி தேநீருக்கு வந்து நின்றிருந்தார். “டாக்டர் வக்தி” என்றார், மனசு உடைந்துபோன குரலில், “தீமை என்னோடதாச்சே.” அன்றைக்கே புகார் எழுதிவிட்டார். தனக்கு டாக்டர்மேல் தனிப்பட்ட விரோதம் எதுவுமில்லை என்று அதிலேயே குறிப்பிட்டிருந்தார்.

பஸ்யூனி அன்று மாலை கண்ணாடி அலமாரியைத் திறந்தான். ஷர்பாத் சண்டை போட்டாள். அவன், டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் அப்படியே அவளுக்குச் சொன்னான். அவள் கேட்டு முடித்துவிட்டு, “இதை அந்தக் காகிதத்துல எழுதினா என்ன கேடு அவங்களுக்கு?” என்று சொல்லித் தானே சாவியைக் கொடுத்தாள். கடைக்காரரிடம் சொல்லி அடுப்புக்கு மேலே ஒரு காற்றாடி போட்டார்கள். காலையும் மாலையும் அவன் இழுத்துக் கொப்பளித்துத் துப்பும் சத்தத்தை வைத்து மாடி வீட்டுக்காரர்கள் நேரம் தெரிந்துகொண்டார்கள். ஏழாவது வாரத்தில் நீல பஃப்பை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருந்தது.

அப்போதுதான் அழைப்பாணை வந்தது. நன்மைப் பிரிவு மருத்துவர் வக்தி ஹலீம், அதிகாரமின்றித் தீமையைப் புரியவைத்த குற்றத்தின் மீதான விசாரணை. சாட்சி பஸ்யூனி. குற்றம் நிரூபணமானால் டாக்டரைப் பாலைவனத்தின் நடுவில், நோயாளியே இல்லாத ஒரு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். பஸ்யூனிக்குத் தெரிந்து நெஞ்சைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான்.

பதற்றத்தில் நான்கு மாடியையும் ஒரே மூச்சில் ஏறிவிட்டான். மேலே கைப்பிடியருகே இயக்குநர் நின்றிருந்தார்.

“படியில எத்தனை தடவை உட்கார்ந்தீங்க?”

“உட்காரவே இல்ல பாஷா” என்றான் பஸ்யூனி, பெருமையாக. இயக்குநர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எழுதிய விதத்தைப் பார்த்ததும்தான் அவனுக்குச் சுரீரென்றது.

உள்ளே டாக்டர் வக்தி ஓரமாக, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மேடம் தஹானி குறிப்பெடுக்கத் தயாராக இருந்தார். இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“விஷயம் ரொம்ப எளிது. மருந்து யாருக்கு வேலை செய்யும்? இழுத்தவனுக்கு. யார் இழுப்பான்? பயம் தெளிஞ்சவன். யாருக்குப் பயம் தெளியும்? புரிஞ்சவனுக்கு. நம்ம முறைப்படி யாருக்கும் புரிய வாய்ப்பே இல்ல, அதை நானே கவனமா வடிவமைச்சிருக்கேன். ஆனா இந்த ஆள் நாலு மாடி ஏறியிருக்கான், மூச்சு வாங்கல! இதைவிடச் சாட்சி என்ன வேணும்?”

பஸ்யூனி டாக்டரைப் பார்த்தான். அவர் நிமிரவேயில்லை. ஏழு வாரமாகத் தான் இழுத்துவிட்ட ஒவ்வொரு நல்ல மூச்சும் அந்த மனிதரின் கழுத்துக்கு வந்திருக்கிறதே என்று அவனுக்கு உறைத்தது. பிறகு மெதுவாக மேஜையைப் பிடித்தான்.

“பாஷா…” என்றான். அடித்தொண்டையில் விசில் சத்தம் கிளம்பியது. “ஏறி வந்தப்ப… தெரியல… இப்பத்தான்… பிடி… க்குது…”

இருபத்திரண்டு வருஷ அனுபவம் வீண் போகவில்லை. தோள் இரண்டும் காதுவரை ஏறின, கண் பிதுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. மேடம் தஹானி பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினார். இயக்குநரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

“அப்போ டாக்டர் சொன்னது ஏதாவது ஞாபகம் இருக்கா?”

“ஒண்… ணும்… புரியல… பாஷா.”

“நல்லது, நல்லது! எழுதுங்க மேடம்: ‘நோயாளி முன்பிருந்த நிலையிலேயே இருக்கிறார். டாக்டர் வக்தி ஹலீமிடமிருந்து எவரும் எதையும் தெரிந்துகொண்டதாக நிரூபிக்கப்படவில்லை. அன்னாரின் கடமை உணர்வைப் பாராட்டுகிறோம்.’”

பஸ்யூனி தள்ளாடி வெளியே வந்தான். படியில் நாலு எட்டு வைப்பதற்குள் டாக்டர் வக்தி நீல பஃப்போடு பின்னாலேயே ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

“மெதுவா உஸ்தா, மெதுவா, உட்காருங்க…”

“நீங்களுமா டாக்டர் நம்பிட்டீங்க?” என்று கிசுகிசுத்தான் பஸ்யூனி. “நடங்க. மேலேருந்து பாக்கறார்.”

டாக்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதை இருமலாக்கி மறைத்துக்கொண்டார். இயக்குநர் கைப்பிடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததால், திணறியபடியே நாலு மாடியும் இறங்க வேண்டியதாயிற்று. ஏற ஆனதைவிட இறங்க மூன்று மடங்கு நேரம் ஆனது.

கீழே படிக்கட்டின் அடியிலிருந்து வாசல்வரை ஒன்பதாம் அறைக்கான வரிசை நின்றது. எல்லார் கையிலும் அதே பழுப்புப் பெட்டி, பிரிக்காமல். மெலிந்துபோன ஒரு பெண்மணி பஸ்யூனியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அடப் பாவமே! அந்தப் புது மருந்தை இழுத்தவர்போல இருக்கு. பாருங்க கோலத்தை. நல்லவேளை, நான் தொடவே இல்ல.”

பின்னாலிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பவே ஆரம்பித்துவிட்டார். அவர் மூச்சின் விசில் பஸ்யூனிக்கு இங்கேயே கேட்டது. நடிப்பில்லாத விசில்.

மேலே பார்த்தான். இயக்குநர் இன்னும் நின்றிருந்தார். பஸ்யூனி சத்தமாக ஒரு தடவை இழுத்து மூச்சு விட்டுவிட்டு, கால் தடுக்கியதுபோல அந்தப் பெண்மணியின் தோளைப் பிடித்துச் சாய்ந்தான்.

“எனக்கு ஒண்ணுமில்ல தாயே” என்றான் அவள் காதோரம், உதடு அசையாமல். “சும்மா நடிக்கிறேன். டாக்டர் எழுதினபடி இழுங்க. இழுத்ததும் கொப்பளிச்சுத் துப்புங்க. நீலம் தீயை அணைக்காது, இதுதான் அணைக்கும்.”

“ரெண்டு வாரம் ஆகும்னு சொல்லுங்க” என்றார் டாக்டர் வக்தி, அவன் முதுகைத் தடவுவதுபோலக் குனிந்து.

“ரெண்டு வாரம் ஆகும் தாயே.”

அடுத்த தோளுக்கு நகர்ந்தான். பிறகு அதற்கடுத்தது. வீட்டுக்குக் கிளம்பிய மனிதரைக் கோட்டைப் பிடித்து நிறுத்தி, அவர் மேலேயே மொத்தமாகச் சரிந்து, அவரிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

நான்காவது மாடியிலிருந்து பேராசிரியர் டாக்டர் முக்தார் ஷர்னூபி திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சுக்குத் திணறும் ஒரு நோயாளி, வரிசையில் ஒவ்வொருவர் தோளாகப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல வெளியே போவதுதான் அவருக்குத் தெரிந்தது.